மாலைக்குப் பின்னால சுழி

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலை தான். அம்பாசமுத்திரத்துல அத்தான் வீட்டுக்குப் பின்னால இருக்கிற படித்துறைக்கு ஒரு போர்டு எழுதிக் கொடுக்கணும்.

அத்தான்னா எங்க அக்கா வீட்டுக்காரர். மாடிய டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடுதாரு. பிரான்ஸ்ல இருந்து புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு வாராங்க. கடைசிப் படிக்குக் கீழ தாமிரபரணி சுழிச்சு ஓடும், ஊர்க்காரங்களே இறங்க மாட்டாங்க. அதனால பிரெஞ்சுலயும் இங்கிலீஷுலயும் எச்சரிக்கை வைக்கணும்.

நான் ஆன்லைன்ல ஆறு மாசம் பிரெஞ்சு படிச்சவ. அத வீடு வீடாச் சொல்லித் திரிஞ்சவளும் நான் தான். மாட்டாம இருப்பேனா?

"ஆபத்து. சுழி இழுக்கும். இறங்காதீர்கள்." ரெண்டு பாஷையிலயும் எழுதிட்டேன். பாத்ததும் அத்தான் மூஞ்சி சுருங்கிப் போச்சு.

"ஏட்டி, வைக்கிற முதல் போர்டுலயே ஆபத்துன்னா வெளங்குமா? மேல நல்ல வார்த்தையா ஒண்ணு போடு."

மேல 'நல்வரவு'ன்னு ரெண்டு பாஷையிலயும் பெருசா எழுதினேன். பூவெல்லாம் வேற வரைஞ்சேன், கூறுகெட்டவ.

அதோட விட்டாரா மனுஷன்? சந்தனம், குங்குமம், சூடம். கடைசியா கட்டியா ஒரு செவ்வந்தி மாலை. போர்டுக்குப் பூஜை போட்ட முதல் ஆளு இவராத்தான் இருக்கும்.

இன்னைக்குக் காலையில அத்தான் வீட்டு ஜன்னல் வழியாப் பாக்கேன். ராத்திரி வந்து இறங்கின பிரான்ஸ்காரங்க ரெண்டு பேரும் போர்டு முன்னால நின்னு செல்பி எடுக்காங்க. மாலை கீழ் வரி அத்தனையையும் மூடிட்டுது. தெரியுறது 'நல்வரவு' மட்டும். அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, துண்டோட படி இறங்குதாங்க.

ஓடினேன். பிரெஞ்சுல கத்தணும். ஆறு மாசப் படிப்புல இருந்து வாயில வந்தது, "எனக்கு ஒரு காபி வேணும்."

அந்தாளு சிரிச்சுகிட்டே கட்டை விரலக் காட்டுதான். குளிச்சிட்டு வந்து வாங்கித் தருவான் போல.

இங்கிலீஷுக்கு மாறினேன். "எக்ஸ்கியூஸ் மீ மேடம், சாரி டு டிஸ்டர்ப் யூ..." சாகப் போறவகிட்ட நான் மரியாதை பாக்கேன். அதுக்குள்ள அந்தம்மா கடைசிப் படிக்குப் போயாச்சு.

படிச்சதெல்லாம் பறந்துபோச்சு. ரெண்டு கையாலயும் மாருல அடிச்சுகிட்டு, "ஐயோ, ஐயோ"ன்னு அலறினேன்.

தண்ணியில வச்ச கால எடுத்துட்டு ரெண்டு பேரும் மேல ஓடியாந்தாங்க. அந்தம்மா என்னக் கட்டிப்பிடிச்சு முதுகத் தடவுது. யாரு தவறிட்டாங்கன்னு இங்கிலீஷுல கேக்குது. எனக்கு மூச்சு வாங்குது. மாலை போட்ட புண்ணியவான் பல்லு தேய்ச்சுகிட்டே எதிர்க்க வந்து நின்னாரு. கை தானா அவரக் காட்டிட்டுது.

அத்தான் எச்சியத் துப்பிட்டுச் சொன்னாரு, "ஏட்டி, காலங்காத்தால வீட்டுல ஐயோன்னு சொல்லலாமா?"

பிரெஞ்சுலயும் இங்கிலீஷுலயும் எச்சரிக்கை சொல்றது எப்படின்னு இனி யாரு கேட்டாலும் சொல்லித் தருவேன், ரெண்டுக்கும் ஒரே வார்த்தை தான்.