ஸ்டேடியம் கட்டுமிடத்தில் உன் தம்பி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இடது முழங்காலைத் தவிர மற்றபடி நான் சௌக்கியம். நீயும் அத்தானும் குழந்தைகளும் முழு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை ஊருக்குத் திரும்பி வருகிறேன். மாடி அறையை ஒழித்து வைக்கவும். அத்தான் பெயிண்ட் கடையில் உட்காரச் சொன்னாரே, உட்காருகிறேன் என்று சொல்லிவிடு.

ஸ்டேடியம் கட்டி முடிகிறவரை ஓர் ஓவியர் கூடவே தங்கி வரையலாம் என்று கம்பெனிக்காரர்கள் என்னைத் தேர்ந்தெடுத்ததும் நீ தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய் அல்லவா, அந்தப் பெருமையோடு வந்து இறங்கினால், வாசலில் சேஃப்டி ஆபீசர் என் செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே விடவில்லை. அவர் கொடுத்த பூட்ஸுக்குள் என் கால் தனியாக நடக்கும், பூட்ஸ் தனியாக நடக்கும். அதோட கேலரிப் படி ஏறினப்பதான் முழங்கால் போச்சு. சரி, ஓரமா உட்கார்ந்து வரையலாம்னா, எங்க உட்கார்ந்தாலும் "சார், தலைக்கு மேல கிரேன் வருது, எழுந்திருங்க"ன்னு ஒருத்தர் வந்துடறாரு. கிரேன் ஓட்டுற அம்மா மேலேர்ந்து வயர்லெஸ்ல, "அங்க உட்கார்ந்திருக்கிறவரு நம்ம ஆளா, வழி தவறி வந்தவரா?"ன்னு கேட்டது எல்லார் காதுலயும் விழுந்துச்சு.

கடைசியில இன்ஜினியர் பரிதாபப்பட்டு, வீரர்கள் மைதானத்துக்குள்ள ஓடி வர்ற வழியில ஒரு சுவரைக் காட்டி, "இதுல என்ன வேணா வரைஞ்சுக்குங்க, குறுக்க மட்டும் வராதீங்க"ன்னாரு. முதல்ல வெல்டரை வரைஞ்சேன். முகமூடியோட வரைஞ்சதுக்கு அவரு, "இது நான்தான்னு என் பொண்டாட்டி எப்படி நம்புவா?"ன்னு கோவிச்சுக்கிட்டாரு. முகமூடியை எடுத்துட்டு வரைஞ்சேன். அவ்வளவுதான், கம்பி கட்டுறவங்க, கொத்தனாருங்க, கேன்டீன் அம்மா எல்லாரும் சாப்பாட்டு நேரத்துல தலைவாரிக்கிட்டு வந்து நின்னுட்டாங்க. கிரேன் அம்மா இறங்கி வந்து, தன்னை எல்லாருக்கும் மேல போடச் சொன்னாங்க, "அதுதானே என் இடம்." அக்கா, என் ஓவியத்துக்காக இத்தனை பேர் காத்து நின்னதே இல்ல. என் கண்காட்சிக்கு நீயே பாதியில கிளம்பிட்ட.

நேத்து கடைசி முகத்தை முடிச்சுட்டுத் திரும்பினா, பின்னாடி இன்ஜினியர். ரொம்ப நேரம் பார்த்தாரு. "நல்லா இருக்கு. ஆனா இது தற்காலிகச் சுவராச்சே, நாளைக்கு இடிக்கணும். யாரும் சொல்லலையா?"ன்னாரு. அந்தச் சுவரைக் காட்டினதே அவருதான். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், பெயிண்ட் இன்னும் காயலை.

அதனால கலைக்கு ஒரு கும்பிடு. அத்தானுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு என் அன்பு. உங்கள் எல்லாருக்கும் நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் அமைய வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி.

பி.கு.: சனிக்கிழமை நான் வரலை. உறையை ஒட்டப்போற நேரத்துல வெல்டர் மூச்சு வாங்க ஓடி வந்தாரு. இடிக்கப் போனவங்க யாரும் சுத்தியலைத் தூக்கலையாம். "என் மூஞ்சிய நானே எப்படிங்க உடைக்கிறது?"ன்னு ஒரு கொத்தனார் கேட்க, மத்தவங்களும் கீழ உட்கார்ந்துட்டாங்களாம். வேற வழியில்லாம சுவரை அடியோட அறுத்து முழுசா எடுத்துட்டாங்க. கிரேன் அம்மா அதை இப்போ ஆகாசத்துல தொங்கவிட்டுக்கிட்டு, எங்க இறக்கணும்னு கேட்டுக்கிட்டிருக்காங்க. பெரிய வாசல்லதான்னு இன்ஜினியரே சொல்லிட்டாரு. சொல்லிட்டு என்னைத் தனியா ஓரமா கூப்பிட்டு, இன்னும் ஒரு முகத்துக்கு இடம் இருக்குமான்னு கேட்டாரு. மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதா போடணுமாம்.