அது மாஸ்டரும் பில்லுவின் வயிறும்

பெயர்ச்சொல் என்ற ஒன்றே இல்லாமல் ஒரு மனிதர் புனே பக்கம் பிம்ப்ரியில் பல வருஷம் ஒரு தொழிற்சாலைக்கே சோறு பொங்கிப் போட்டார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்த எனக்கே இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பெயர்ச்சொல், வினைச்சொல் என்று வாத்தியார் கரும்பலகையில் கோடு போட்டுப் பிரித்ததில் அந்தக் கோடு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. பெயர்ச்சொல்லின் அருமையை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் கேன்டீனின் சமையல் மாஸ்டர். எல்லோருக்கும் அவர் 'அது மாஸ்டர்'.

கெட்டது எதுவானாலும் பேரைச் சொன்னால் வந்து நிற்கும் என்பது அவர் கட்சி. இருட்டிய பிறகு பாம்பு என்று சொல்லாதே, ஊசி என்று சொல்லாதே என்று நம்மூரில் சொல்வார்கள் அல்லவா? கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அந்தப் பழக்கத்தை மூட்டை கட்டி எடுத்துவந்த மாஸ்டர், புனேயில் இறங்கியதும் அதற்குப் பகல் ஷிப்டும் போட்டுவிட்டார். பாம்பில் ஆரம்பித்தது மெல்லப் பரவி காய்ச்சல், கரண்ட் கட், கரப்பான், கேன்டீனை மேற்பார்க்கிற கான்ட்ராக்டரின் மச்சான் என்று எல்லாமே 'அது' ஆகிவிட்டது.

ஒருநாள் காலை நிதானமாகச் சொன்னார்: "ஏலே, அது ஒழுகுது."

குழாயாக இருக்கும் என்று நான் வாளியைக் கொண்டுபோய் வைத்தேன். கான்ட்ராக்டரின் மச்சான் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மாஸ்டர் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார். ஒழுகியது சிலிண்டர்.

எனக்குப் பயப்படக் காரணமே வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் பயம் வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று பயந்துவிடுகிற ஆள் நான். அன்றைக்குக் காரணமே கையில் கிடைத்ததில் வாளியோடு வாசலுக்கு ஓடி, அங்கிருந்து கத்தினேன்.

"என்ன மாஸ்டர், கேஸ்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வெடிச்சிருக்கும்ல," என்றார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்தக் குட்டிகள் வந்து சேர்ந்தன.

கேன்டீன் பின்வாசலில் ஒரு கறுப்பு நாய் உண்டு. மிஞ்சின இட்லிக்கு அவள்தான் வாரிசு. கிரைண்டர் ஓரத்தில் கிடந்த அரிசிச் சாக்குகளுக்குள் அவள் மூன்று குட்டிகளைப் போட்டாள். மாஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். பிறந்ததை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று எங்கள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே ஒரு பைக் அவள் காலில் ஏறிவிட்டது. யாரோ போன் பண்ண, அடிபட்ட நாய்களை ஏற்றிப்போகிற வண்டி வந்தது. அவளைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள்.

மாஸ்டர் கரண்டியோடு ஓடிவந்தார். "பையா, வோ ஹை. உதர் வோ ஹை," என்று சாக்கைக் காட்டிக் காட்டிக் கத்தினார். அது இருக்கிறது, அங்கே அது இருக்கிறது. சாக்குக்குப் பக்கத்தில் டீ டிரம் இருந்தது. வண்டிக்காரர் டீ குடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, கையெடுத்துக் கும்பிட்டு, "பாத் மே, காகா," அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

வண்டி மறைந்த பிறகு சாக்குக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலியென்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்தவன், உள்ளே கண் திறக்காத மூன்று உருண்டைகளைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"குட்டி இருக்குன்னு சொல்லியிருந்தா கூடவே ஏத்திட்டுப் போயிருப்பாங்களே, மாஸ்டர்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முகம் வாடிப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வண்டிக்காரர்களுக்குப் போன் போட்டோம். தாய்க்கு ஆபரேஷன் நடக்கிறது, இன்று பால் கொடுக்க முடியாது, நாளைக்குக் குட்டிகளைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். நாளைவரை அவற்றை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு மாஸ்டருடையது. அவர் காலை நீட்டி உட்கார்ந்து, கைக்குழந்தையை வைப்பது போல ஒவ்வொன்றையும் மல்லாக்கப் போட்டு, டீக்கு வாங்கிய பாக்கெட் பாலைப் பஞ்சில் நனைத்துப் புகட்டினார். குட்டிகளும் சப்பின. ஊர்ப்பட்ட ஏப்பம் விட்டது மாஸ்டர்தான்.

மதியப் பந்தி முடிவதற்குள் மூன்றும் வீறிட ஆரம்பித்தன. வயிறு மூன்றும் தபேலா. தொட்டால் விண்ணென்று இருந்தது. அதில் கடைக்குட்டியாக இருந்த தவிட்டு நிறக் குட்டி அழக்கூட இல்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. எனக்கு அதைப் பார்த்து வியர்த்து, பிறகு குளிர்ந்து, மறுபடி வியர்த்தது.

"அது வந்துட்டுல," என்றார் மாஸ்டர். பால் செரிக்காமல் வயிறு ஊதுகிற மாந்தத்தைத்தான் சொன்னார். "வண்டியை எடு. பேர் சொல்லாதது வாங்கணும்."

நம்மூரில் வசம்புக்குப் பேரே பேர் சொல்லாததுதான். விளக்கில் சுட்டு, உரசி, பிள்ளைக்குத் தொப்புளைச் சுற்றித் தடவுவார்கள். ஊரில் கண் தெரியாத கடைக்காரரும் எடுத்துக் கொடுப்பார். இது பிம்ப்ரி. மராத்தியில் அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. மாஸ்டருக்குத் தெரிந்தாலும் சொல்லப்போவதில்லை.

குட்டிகளைத் துண்டில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். மருந்துச் சாமான் விற்கிற பழைய கடை ஒன்றில் போய் நின்றோம். கடைக்காரர் வயதானவர், சாந்தமான முகம். அந்த முகம் சாந்தமாக இருந்தது கொஞ்ச நேரம்தான்.

"பையா, வோ தேதோ," என்றார் மாஸ்டர். அதைக் கொடு.

"க்யா சாஹியே?" என்ன வேண்டும்?

"வோ. ஜிஸ்கா நாம் நஹி லேதே." பேர் சொல்லக் கூடாததைக் கொடு.

கடைக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். அந்த மாதிரிச் சரக்கு நாங்கள் வைப்பதில்லை என்றார்.

"ஹமாரே காவ் மே கர் கர் மே ரக்தா ஹை," என்றார் மாஸ்டர். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வைத்திருப்போம்.

கடைக்காரர் ஓர் அடி பின்னால் போனார். "கிஸ்கோ தேனா ஹை?" யாருக்குக் கொடுக்கப் போகிறாய்?

"சோட்டா பச்சா கோ. தீன் ஹை." சின்னப் பிள்ளைகளுக்கு. மூன்று பேர்.

தராசுத் தட்டு கடைக்காரர் கையிலிருந்து விழுந்தது. மாஸ்டர் கவனிக்கவில்லை. செய்முறையை விளக்க ஆரம்பித்துவிட்டார். "பஹலே ஜலானே கா…"

முதலில் எரிக்க வேண்டும். வசம்பை எரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் 'யாராவது வாங்களேன்' என்கிற மாதிரி ஏதோ கூவினார். பக்கத்துக் கடையிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். போலீஸ், லாக்கப், என் மனைவி ஊரிலிருந்து ரயிலில் அழுதுகொண்டே வருவது, எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் ஓடியது. நாய்க்குட்டி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பதற்றத்தில் எனக்குத் தெரிந்த இந்தியை அள்ளி, கடைக்காரர் முகத்துக்கு நேரே கத்தினேன்.

"குத்தே கா பச்சா."

நாயின் பிள்ளை. நான் சொன்னது அவ்வளவுதான். இலக்கணப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வயதில் மூத்த ஒருவரைப் பார்த்து அதைச் சொன்னால் என்ன அர்த்தமோ, அந்த அர்த்தத்தில்தான் தெருவே அதைக் கேட்டது. சட்டைக் காலரில் ஒரு கை விழுந்தது. இன்னொரு கை ஓங்கியது. நல்லவேளை, காலரைப் பிடித்த வேகத்தில் பித்தான் தெறித்துத் தவிட்டுக்குட்டியின் தலை வெளியே வந்தது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. கடைக்காரர் கல்லாவைச் சுற்றி ஓடிவந்தார்.

"அரே, பில்லு."

மராத்தியில் குட்டிக்குப் பில்லு என்று பேர். மாஸ்டர் என் விலாவில் இடித்தார். "பாத்தியால, அவரும் பிள்ளைங்காரு."

வசம்பெல்லாம் இதற்கு ஆகாது என்று கையை ஆட்டி, அடுத்த சந்திலிருந்த கால்நடை டாக்டரம்மாவிடம் கடைக்காரரே கூட்டிப்போனார். அந்தம்மா மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டின திட்டு இந்தியில் இருந்ததால் பாதிதான் உறைத்தது. மாட்டுப்பால் இதுகளுக்குச் சேராது. குளிர்ந்த உடம்போடு புகட்டவே கூடாது, முதலில் சூடு வரவேண்டும். மல்லாக்கப் போடக் கூடாது, குப்புறப் படுக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும். குட்டிகளுக்கென்றே விற்கிற பால்பொடி ஒன்றைக் கொடுத்தார். கடைசியாக அவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். புதுசாகப் பிறந்த நாய்க்குட்டிக்குத் தானாக வெளிக்கிப் போகத் தெரியாதாம். தாய் நக்கிவிட்டால்தான் போகுமாம்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாக வேறு பக்கம் பார்த்தேன்.

நல்லவேளை, நாக்கு தேவையில்லை. வெந்நீரில் நனைத்த பஞ்சால் வயிற்றையும் வாலுக்குக் கீழேயும் மெதுவாகத் தடவினால் போதும் என்று டாக்டரம்மாவே செய்து காட்டினார். இரண்டு குட்டிகள் அங்கேயே மேஜையை நனைத்து, அழுக்காக்கி, நிம்மதியாகத் தூங்கிவிட்டன. தவிட்டுக்குட்டி அசையவில்லை. அதற்கு ஓர் ஊசி போட்டு, "வெதுவெதுப்பாக வைத்துத் தடவிக்கொண்டே இருங்கள். பொழுது சாய்வதற்குள் போகவில்லையென்றால் திரும்பக் கொண்டுவாருங்கள். அப்புறம் என் கையிலும் இல்லை," என்றார்.

கேன்டீனில் ஒரு தட்டில் துண்டு விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். மாஸ்டர் தடவ ஆரம்பித்தார். சாயங்கால டீக்கு ஆள் வந்தது. நான் டீ ஊற்றினேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் அந்தத் தட்டைச் சுற்றி நின்றார்கள். கான்ட்ராக்டரின் மச்சான் சத்தம் போட வந்தவர், குட்டியைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. குட்டியின் வாய் திறப்பதும் மூடுவதும் மெதுவாகிக்கொண்டே வந்தது. "மாஸ்டர், டாக்டரம்மாகிட்டப் போயிருவோம்," என்றேன். அவர் புதுப் பஞ்சை எடுத்து வெந்நீரில் நனைத்தார். காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது தாயோடு போயிருக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் குனிந்து குட்டியின் காதுப்பக்கம் வாயை வைத்தார்.

"பில்லு," என்றார். "வந்துரு தாயி. பில்லு, வந்துரு."

அந்த மனிதர் எதையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நாங்கள் யாருமே கேட்டதில்லை. பேரைச் சொன்னால் வந்து நிற்கும் என்பாரே, வந்தது. மஞ்சளாகக் கடுகளவு வந்தது. பிறகு துண்டு நிறைய வந்தது. வயிறு எங்கள் கண்ணெதிரே இறங்கியது. பில்லு முதல்முறையாகக் கீச்சென்று கத்தினாள். கான்ட்ராக்டரின் மச்சான் என் தோளில் சாய்ந்து அழுதார். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தெளியவில்லை.

மறுநாள் மூன்றும் தாயிடம் போயின. தாய்க்குக் கால் கூடியது. மற்ற இரண்டையும் வானவடியில் ஒரு மிலிட்டரிக் குடும்பம் எடுத்துக்கொண்டது. பில்லு கேன்டீனுக்கே வந்துவிட்டாள். மாஸ்டர் பந்தி முடிந்ததும் பின்வாசலில் நின்று அவள் பேரைக் கூப்பிடுவார். ஒரு தடவை கூப்பிட்டாலே வந்துவிடுவாள், இருந்தாலும் நிறையத் தடவை கூப்பிடுவார். உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை மாஸ்டர் என்று முன்பு ஒருமுறை கேட்டதற்கு, "எங்களுக்கு அது இல்லல," என்று சொன்னவர் அவர்.

போன மழைக்காலத்தில் திடீரென்று ஊருக்குக் கிளம்பினார். "வீட்ல அவளுக்கு அது வந்திருக்காம். பில்லுவைப் பாத்துக்கோல," என்றார். எந்த அது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார். எனக்குத் தெரிந்த வியாதி அத்தனைக்கும் நானாகவே மாற்றி மாற்றிப் பயந்துகொண்டிருக்கிறேன். இன்னும் திரும்பி வரவில்லை. போன் போட்டால், "அது பரவாயில்லல," என்கிறார்.

அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியும். நேற்றுச் சாயங்காலம் கிரைண்டர் பக்கம் யாரும் இல்லாதபோது, சொன்னால் வந்து நிற்பாரோ என்று ஒரே ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பில்லுதான் ஓடிவந்து, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து நின்றாள்.