இரண்டாம் பாகம் வெற்றி பெற்ற விதம்

பொதுமக்கள் பொழுதுபோக்குக் கழகத்தின் வரலாற்றில் ஒரே ஒரு படம்தான் நன்றாக வந்திருக்கிறது. அது எப்படி நேர்ந்தது என்று விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. குழு ஏழு மாதம் உழைத்து உண்மையைக் கண்டுபிடித்தது. அந்தப் படம் எழுதப்பட்ட ஆறு வாரமும் கழகம் பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருந்ததாம். மேசை நாற்காலியெல்லாம் லாரியில் இருந்தபடியால் அதிகாரிகள் யாராலும் கோப்பில் குறிப்பு எழுத முடியவில்லை. இனி இப்படியொரு கவனக்குறைவு நிகழாது என்று தலைமை அலுவலர் எழுத்துமூலம் உறுதி கூறிய பிறகே விசாரணை முடித்துவைக்கப்பட்டது.

படத்தின் பெயர் ‘ஜன்னல் தாத்தா’. பண்டிகைக்கால நகைச்சுவைப் பிரிவில் தற்காலிக வசன உதவியாளராக இருந்தவர் எழுதியது. அலுவலகத்தில் அவரை எல்லோரும் வசனக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கதை பெரிதாக ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸ் மாலை. பேரப்பிள்ளைகளை அசத்த வேண்டுமென்று ஒரு பெரியவர் சிவப்பு உடுப்பும் பஞ்சுத் தாடியுமாக மூட்டையோடு வந்து கதவைத் தட்டுகிறார். வீட்டில் ஒன்பது பேர். யாராவது திறப்பார்கள் என்று ஒன்பது பேரும் சும்மா இருக்கிறார்கள். தாத்தா பொறுத்துப் பார்த்துவிட்டு, குளியலறை ஜன்னல் வழியாக நுழைகிறார், இடுப்பில் மாட்டிக்கொள்கிறார். உள்ளே மேல்பாதி பேரப்பிள்ளைகளை ஆசீர்வாதம் செய்துகொண்டிருக்க, வெளியே கீழ்ப்பாதியை ஒரு போலீஸ்காரர் விசாரித்துக்கொண்டிருப்பார். “பேரைச் சொல்லு” என்று போலீஸ்காரர் கேட்க, கால் பதில் சொல்லாது. அந்த இடத்தில் தியேட்டரில் சிரித்துச் சிரித்துப் புரையேறி வெளியே தூக்கிச் செல்லப்பட்டவர்கள் உண்டு.

இது வசனக்காரர் வீட்டில் நிஜமாகவே நடந்தது. மாட்டிக்கொண்டவர் அவருடைய மாமனார். படம் வந்த நாளிலிருந்து மாமனாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. இருபத்திரண்டு தடவை பார்த்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம், “அந்த இடுப்பு என்னுதுங்க” என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

இந்த நிலையில் ஊரில் எதற்கும் இரண்டாம் பாகம் இருப்பதுதான் நாகரிகம் என்றொரு காற்று அடித்தது. முடிதிருத்தும் கடைக்காரர் எதிர்ச் சாரியில் ‘பாகம் இரண்டு’ திறந்தார். அழைப்பிதழ்களில் கல்யாணத்தைப் பாகம் ஒன்று என்றும் வரவேற்பைப் பாகம் இரண்டு என்றும் அச்சடித்தார்கள். தலைமை அலுவலரும் ஒரு மாநாட்டுக்குப் போய், இரண்டாம் பாகம் இல்லாத படம் அரைகுறைப் படம் என்று தெரிந்துகொண்டு திரும்பினார். வந்ததும் வசனக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஜன்னல் தாத்தாவுக்கு ரெண்டாம் பாகம் வேணும். அடுத்த கிறிஸ்துமஸுக்குள்ள.”

“கதை முடிஞ்சு போச்சே சார். தாத்தாவை வெளிய எடுத்துட்டாங்க.”

“அதெல்லாம் உங்க பாடு. படம் ஒழுங்கா வந்துட்டா, உங்க வேலை நிரந்தரம்.”

நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் வசனக்காரருக்குக் காது அடைத்தது. பதினொரு வருஷமாக அவர் தற்காலிகம். எண்பத்தொன்பது நாளுக்கு ஒரு தரம் அவரை ஒருநாள் வேலையிலிருந்து நீக்கிவிட்டு மறுநாள் சேர்த்துக்கொள்வார்கள். நிரந்தரமானால் கழகக் குடியிருப்பில் வீடு உண்டு. இப்போது இருப்பதோ ஒன்றரை அறை. அந்த அரை அறையில் மாமனாரும் தையல் இயந்திரமும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

“பதினொரு வருஷமா தற்காலிகம் தற்காலிகம்னு சொல்றீங்க” என்றாள் அவர் மனைவி. “நீங்க வேலையில சேர்ந்தப்புறம் பொறந்த பொண்ணு ஆறாவது படிக்கிறா. இந்தத் தடவையாவது வாயை மூடிட்டு அவங்க சொல்ற மாதிரி எழுதிக் குடுங்க.”

ஆனாலும் வசனக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு நல்ல கதையாகவே எழுதிவிட்டார். இந்தத் தடவை குடும்பத்தில் ஏழு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், தாத்தா வேஷம் போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் வீட்டுக்குள் நுழைகிறார்கள். படித்துக் காட்டியபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். நிரந்தரம் ஆகிவிட்டது என்றே அவர் நினைத்தார்.

கோப்பு முதலில் முன்னுதாரணப் பிரிவுக்குப் போனது. முன்பு நடந்திராத எதுவும் கழகத்தில் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அந்தப் பிரிவின் கடமை. அதன் அலுவலர் ஓர் அம்மாள். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார்.

“முதல் பாகத்துல எத்தனை தாத்தா?”

“ஒருத்தர் மேடம்.”

“இதுல?”

“ஏழு பேர்.”

“மீதி ஆறு தாத்தாவுக்கு முன்னுதாரணம் எங்க?”

வசனக்காரர் கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, ஏழு தாத்தாவை ஒரு தாத்தாவாக்கி, ஜன்னலில் மாட்ட வைத்தார். அம்மாள் உடனே கையெழுத்துப் போட்டார். அதன்பின் கோப்பு மறுநிகழ்வுத் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு முறை நடந்தது மறுமுறை நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இந்தப் பிரிவின் கடமை. இரண்டு பிரிவும் ஒரே அறைதான், நடுவில் ஒரு பீரோ. பீரோவுக்கு அந்தப் பக்கம் ஒல்லியாக ஓர் அதிகாரி இருந்தார்.

“இது ஏற்கெனவே நடந்திருச்சே” என்றார் அவர். “செஞ்சதையே திரும்பச் செய்யறது விதிக்கு விரோதம் தெரியும்ல?”

“வேற ஜன்னல்ல மாட்டிக்கிட்டா பரவாயில்லையா சார்?”

“எனக்கு ஆட்சேபணையில்ல. ஆனா வேற ஜன்னலுக்கு அந்தம்மாகிட்ட முன்னுதாரணம் வாங்கிட்டு வந்துடுங்க.”

வசனக்காரர் பீரோவைச் சுற்றி வந்தார். அம்மாள் வேறு ஜன்னலுக்கு முன்னுதாரணம் இல்லை என்றார். திரும்பச் சுற்றிப் போனார். இப்படிப் பதினான்கு தடவை சுற்றியபின், கால் ஓய்ந்து பீரோவின் முன்னாலேயே நின்றுகொண்டு, பொதுவாகக் கேட்டார்: “முன்ன மாதிரியேவும் இருக்கணும், முன்ன மாதிரி இருக்கவும் கூடாதுன்னா எப்படி எழுதறது?”

பீரோவின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது. “அது நகைச்சுவைப் பிரிவோட வேலை.”

அன்று சாயங்காலமே வழி தோன்றிவிட்டது. இரண்டாம் பாகத்தில் ஒன்றுமே நடக்க வேண்டாம். அதே குடும்பம், அதே கிறிஸ்துமஸ் மரம். எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து, போன தடவை தாத்தா ஜன்னலில் மாட்டிக்கொண்டதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேச வேண்டியது, பேசிப் பேசி அவர்களே சிரித்துக்கொள்ள வேண்டியது. நடந்ததைத்தான் பேசுகிறார்கள், ஆகவே முன்னுதாரணம் உண்டு. மறுபடி நடக்கவில்லை, ஆகவே மறுநிகழ்வு இல்லை. இரண்டு பிரிவும் அரைமணி நேரத்தில் கையெழுத்திட்டன. கழகத்தில் இவ்வளவு விரைவாக எதுவும் முடிந்ததில்லை.

மாமனார் மட்டும் கதையை வாங்கிப் படித்துவிட்டு முகம் சுண்டிப்போனார்.

“மாப்ளே, இதுல நான் எப்ப மாட்டிக்கிறேன்?”

“மாட்டிக்கலை மாமா. மாட்டிக்கிட்டதைப் பத்திப் பேசறாங்க.”

“யாரு?”

“எல்லாரும். நீங்களும் சோபாவுல உக்காந்து பேசறீங்க.”

“அப்ப ஜன்னல்?”

“சாத்தியிருக்கு மாமா.”

படம் கிறிஸ்துமஸுக்கு வந்தது. வசனக்காரர் குடும்பத்தோடு முதல் காட்சிக்குப் போனார். திரையில் தாத்தாவோடு சேர்த்துப் பத்துப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அரங்கத்தில் எழுநூறு பேர் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் இடைவேளையின்போது, “படம் ஆரம்பிச்சா எழுப்புங்க சார்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாதது ஒன்றுதான் வசனக்காரருக்கு அன்றைக்குக் கிடைத்த ஆறுதல்.

கழகம் தன் படங்களுக்கெல்லாம் அரங்கத்தில் சிரிப்புமானி என்றொரு கருவியை வைப்பது வழக்கம். முதல் பாகத்துக்கு அது இருநூற்றுப் பதினான்கு சிரிப்பு காட்டியது. இரண்டாம் பாகத்துக்கு மூன்று காட்டியது. அந்த மூன்றிலும் இரண்டு தும்மல் என்று பிற்பாடு தெளிவாயிற்று. ஒரே படத்தின் பாகங்களுக்கிடையே தர வேறுபாடு இருத்தலாகாது என்று ஒரு விதி இருந்ததால், வேறுபாடு சரிசெய்யப்படும்வரை வசனக்காரரின் நியமன ஆணை நிறுத்திவைக்கப்பட்டது.

“நான் வேணா ரெண்டாம் பாகத்தைத் திருத்தி எழுதித் தரேன் சார்” என்றார் வசனக்காரர்.

தலைமை அலுவலர் திடுக்கிட்டார். “அதுல என்ன தப்பு? ரெண்டு பிரிவும் பார்த்து, கையெழுத்துப் போட்டு, முறைப்படி வந்த படம் அது.”

“யாரும் சிரிக்கலையே சார்.”

“சரி. முதல் பாகத்தை யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டது?”

“அப்ப மேசையே இல்லைங்களே சார்.”

“பார்த்தீங்களா? முறைகேடு எங்க இருக்குன்னு இப்பப் புரியுதா? எந்த அனுமதியும் இல்லாம இருநூத்திப் பதினாலு சிரிப்பு. அதுல இருநூத்திப் பதினொண்ணு உபரி. உபரியை எடுத்துட்டா ரெண்டும் சமமாயிடும். எழுதினவர் நீங்கதானே, எது எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க.” சொல்லிவிட்டு மேசை இழுப்பறையைக் கொஞ்சமாகத் திறந்தார். உள்ளே நியமன ஆணை தட்டச்சு செய்யப்பட்டு, தேதி மட்டும் போடாமல் கிடந்தது. பிறகு இழுப்பறையை மூடினார்.

வசனக்காரர் அன்று நேராக வீட்டுக்கு வந்தார். வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு படம். அதற்காக யாரோ முகம் தெரியாதவர்கள் சிரித்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டுதான் பதினொரு வருஷத்தில் பாதியைத் தள்ளியிருந்தார். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் அரை அறையை எட்டிப் பார்த்தாள். அங்கே மாமனார், காலை நீட்ட இடமில்லாமல், தையல் இயந்திரத்தின் மிதிபலகைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

“குடியிருப்பு வீட்டுல மூணு அறையாம்” என்றாள் அவள். “அப்பாவுக்குத் தனியா ஒண்ணு குடுத்துடலாம்.”

வசனக்காரர் வெட்டச் சம்மதித்தார். படத்தொகுப்பாளர் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, “இதுவுமா சார்?” என்று கேட்டார். ஜன்னல் காட்சி வந்தபோது அவர் கேட்கவே இல்லை, இயந்திரத்தை விட்டு எழுந்து போய்விட்டார். அதை வசனக்காரரே வெட்டினார். புதிய முதல் பாகத்தில் தாத்தா கதவைத் தட்டுகிறார். கதவு திறக்கிறது. தாத்தா உள்ளே வந்து எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டு உட்காருகிறார். பழைய பிரதிகள் ஊர் ஊராகத் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. கருவி வைத்துப் பார்த்ததில் சரியாக மூன்று காட்டியது. மறுநாளே நியமன ஆணையில் தேதி போட்டார்கள். வசனக்காரர் குடும்பம் மூன்று அறை வீட்டுக்குக் குடிபோனது. மாமனாரிடம் மட்டும் வெட்டியதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு இரண்டு பாகத்தையும் அடுத்தடுத்துத் திரையிட்டார்கள். முதல் பாகம் முடிந்து விளக்குப் போட்டபோது ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ வெட்டியிருப்பார்கள் என்று ஓர் ஆளுக்குக்கூடத் தோன்றவில்லை, தங்கள் நினைவுதான் தவறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டார்கள். “அப்ப விவரமில்லாம எல்லாத்துக்கும் சிரிச்சிருக்கோம்” என்றார் ஒருவர். “நமக்கு வயசாயிருச்சு, அவ்வளவுதான்” என்றார் இன்னொருவர். பக்கத்தில் இருப்பவர் குறையாக நினைக்கக்கூடாதென்று எல்லோரும் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு இரண்டாம் பாகம் ஓடியது. சோபாவில் பத்துப் பேர் உட்கார்ந்து, தாத்தா ஜன்னலில் மாட்டிக்கொண்டதைச் சொன்னார்கள். காலைப் போலீஸ்காரர் விசாரித்ததைச் சொன்னார்கள். அரங்கம் குலுங்கியது. முதல் பாகத்தில் காணாததை இவர்கள் எவ்வளவு நயமாகக் கற்பனை செய்கிறார்கள் என்று வியந்தார்கள். சிரிப்புமானி இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது. முதல் பாகத்தை விஞ்சிய இரண்டாம் பாகம் என்று பத்திரிகைகள் எழுதின. தலைமை அலுவலருக்குப் பதவி உயர்வு வந்தது.

அந்தக் கூட்டத்தில் மாமனாரும் இருந்தார். வழக்கம்போலப் பக்கத்தில் இருந்தவரிடம், “அந்த இடுப்பு என்னுதுங்க” என்றார். “போங்க தாத்தா, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லியே. முதல் பாகத்துல வாசல் வழியாத்தான வர்றார்?” என்று பக்கத்துக்காரர் சிரித்தார். பின்வரிசைக்காரரும் அதையே சொன்னார். படம் விட்டதும் வாசலில் நின்ற நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தார் மாமனார். நாலு பேரும் அதையே சொன்னார்கள்.

அதோடு வீட்டுக்குத் திரும்பினார். தன் தனி அறையில், கட்டிலில் காலைத் தாராளமாக நீட்டிக்கொண்டு, இடுப்பை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். பிறகு மருமகனைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, உண்மையைச் சொல்லுங்க. நான் ஜன்னல்ல மாட்டிக்கிட்டேனா, இல்லியா?”

வசனக்காரர் வாயைத் திறந்தார். சமையலறை வாசலில் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோப்பைப் பார்த்துத்தான் சொல்லணும் மாமா” என்றார்.