மேல்மாடி காலி

பிறர் துன்பம் கண்டு பொங்குகிறவர் என்றொரு இனம் உண்டு. பாலாவது அடுப்பை அணைத்தால் அடங்கிவிடும்; இவர் அடங்க மாட்டார். தோளில் துணிப்பை, கையில் ஒலிப்பதிவுக் கருவி, எதிராளி வாயைத் திறக்கும் முன்பே கழுத்தைச் சற்றே சாய்த்து “புரியுது, புரியுது” என்று தலையாட்டும் கருணை. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் தெருவில் அவருக்கு உரிமை அண்ணன் என்று பெயர்.

அண்ணன் கல்லூரி ஆசிரியர். ஓய்வு நேரமெல்லாம் அகதிகளுக்கே; வாடகைக்குக் குடியிருப்பவர்களின் உரிமைகள் பற்றி அவர்களுக்கு வகுப்பும் எடுப்பார். போர் துரத்தி வந்தவர்கள் எந்தச் சந்தில் எந்தத் தகரக் கூரையின்கீழ் இருக்கிறார்கள் என்பது தபால்காரரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். மழை பெய்தால் நாம் குடையைத் தேடுவோம்; அவர் பேட்டி எடுக்க ஓடுவார். அப்படியொரு மழையில், இரண்டு மகள்களோடு ஒற்றை அறையில் குடியிருந்த தையல்காரம்மாவிடம், இந்த ஒழுகல் உங்களுக்குள் என்ன உணர்வைத் தருகிறது என்று கேட்டார்.

“நனையிற உணர்வுதாண்ணா” என்றார் அந்தம்மா.

அதையே தலைப்பாக வைத்து அண்ணன் கட்டுரை வாசித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கூரை மட்டும் கட்டுரையைப் படிக்கவில்லை. அடுத்த வாரமும் ஒழுகியது.

பிறகு அந்தக் கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார் சொந்தக்காரர். அண்ணன் பொங்கினார். தையல்காரம்மாவை அழைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒருவர் தண்ணீர் போதாது என்றார். இன்னொருவர் தையல் மிஷின் சத்தத்தைத் தன் மாமனாரின் இதயம் தாங்காது என்றார். மாமனாரோ பின்னால் பாட்டை அலறவிட்டு ஆடாத குறை. ஒவ்வொரு வாசலிலும் மனசாட்சி பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, படி இறங்கியதும், இந்தக் காரணம் நம் ஆய்வில் இல்லவே இல்லை, அருமை என்று பூரித்துப்போவார் அண்ணன். தையல்காரம்மாவுக்குப் பூரிக்க நேரமில்லை. சின்னவளுக்கு இருமல் நிற்கவில்லை.

அலைந்து களைத்து அண்ணன் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்தபோது, அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். “மேல்மாடி காலியா இருக்கேண்ணா?”

அவர் கேட்டது வீட்டைப் பற்றித்தான்.

இனிமேல்தான் கவனமாகப் பார்க்க வேண்டும், வாசகரே. சாய்ந்திருந்த கழுத்து நேரானது. மாடியில் வெயில் கொளுத்தும் என்று தொடங்கினார். படி செங்குத்து, பிள்ளைகள் விழுந்துவிடும் என்றார். எந்நேரமும் மச்சினன் வந்து தங்கலாம் என்றார். எந்த மச்சினன்? அண்ணி ஒரே பிள்ளை.

அந்த ஒரே பிள்ளை கையில் சாவியோடு வெளியே வந்தார். “எனக்கொரு தம்பியப் பெத்துக் குடுக்கச் சொல்லி எங்கம்மாகிட்ட அப்புறமாக் கேட்டுக்கலாம். நீங்க இன்னைக்கே சாமான எடுத்துட்டு வந்துடுங்கம்மா.”

வந்தார்கள். மிஷின் கடகடத்தது. இரண்டு பெண்களும் நடுக்கதவைச் சாத்தித் திறந்து, திறந்து சாத்தி, ஒரு நாள் முழுக்க விளையாடினார்கள். தங்களுக்கென்று இரண்டாவது அறை இருப்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. ஒரு வாரம் காதில் பஞ்சோடு திரிந்த அண்ணன், பிறகு பஞ்சை எடுத்துவிட்டு மேடையேறினார். பேசிக்கொண்டே இருந்தால் போதுமா, இதோ என் வீட்டையே திறந்துவிட்டேன் என்றார். கைதட்டல் ஓயவில்லை. முன்வரிசையில் அண்ணிக்குத்தான் திடீரென்று புரையேறியது.

அந்தச் சூட்டோடு நேரே மாடிக்குப் போய், புது வீடு என்ன உணர்வைத் தருகிறது என்று கேட்க உட்கார்ந்தார். தையல்காரம்மா தைப்பதை நிறுத்தவில்லை. வீட்டுக்காரர் சொல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று அண்ணனே வகுப்பில் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் என்றார், ரொம்ப மரியாதையாக. “நாளைக்குச் சொல்லிட்டு வாங்கண்ணா. டீ போட்டு வைக்கிறேன்.”

தன் வகுப்பு வீண்போகவில்லை என்று அண்ணியிடம் சொன்ன அண்ணனின் குரலில் இருந்தது பெருமையா வருத்தமா, யாருக்குத் தெரியும்? மறுநாள் சொல்லிவிட்டே போனார். கருவியை எடுத்துப்போக மறந்திருந்தார். டீ குடித்துக்கொண்டிருந்தபோது சின்னவள் இருமவே இல்லை. கேள்வி கேட்காமல் அவர் தெரிந்துகொண்ட முதல் தகவல் அதுதான்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் இந்த இனமே இல்லை, எனக்குத் தெரியாதா? ஆனால் ஒன்று: நான் இன்னும் எதுவும் கேட்கவே இல்லையே, அதற்குள் உங்கள் பின்னறையில் பழைய கட்டில் கிடக்கிறது என்று எதற்குச் சொல்கிறீர்கள்?