317-ஆம் அட்டை

எண்பத்தெட்டாம் வருஷம், அறுபத்தாறு வயதில், நான் ஒரு சபதம் செய்தேன். அந்த வருஷத்து பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள் அறுநூற்று நாற்பத்தெட்டையும் ஒன்று விடாமல் சேர்த்தே தீருவது. நானாகச் செய்த சபதம் என்றுதான் எங்கள் அக்ரான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்தேன். செய்ய வைத்தவள் என் மனைவி டோரீன்.

அந்த ஆகஸ்டில் டாக்டர் அவளுக்கு அடுத்த கோடையைப் பற்றி வாக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். டயர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு வேறு வேலை இல்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருமினால் எழுந்தேன். இருமாவிட்டாலும் எழுந்தேன்.

"ஏங்க, இப்படி அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டே இருந்தா எப்படி?"

"வேற எங்க போகச் சொல்ற?"

"போய் வேற அட்டை சேருங்க. சனிக்கிழமையானா பேஸ்பால் அட்டை மாத்திக்க கஸ் கடையில பத்துப் பேர் கூடுறாங்களாம்."

"அதெல்லாம் சின்னப் பசங்க வேலை."

"அப்ப உங்களுக்குச் சரியாத்தான் இருக்கும்."

"எனக்கு உன்கூட இருக்கணும், டோரீன்."

"முழு செட்டும் சேரட்டும். அப்புறம் நகராம உக்காருங்க. ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. சீக்கிரம் சேர்த்து முடித்துவிட்டால், மிச்ச நாளெல்லாம் அவள் பக்கத்திலேயே இருக்கலாமே. ஒரே வாரத்தில் நாற்பது அட்டைப் பாக்கெட் வாங்கிப் பிரித்தேன். உள்ளே இருந்த பபிள்கம்மை வீணாக்க மனமில்லாமல் மென்று தாடை வீங்கியது. அட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கடைக்குக் கொண்டுபோனேன். கஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஹெர்ப், ரப்பர் பேண்டா போட்டீங்க?"

"சிதறக் கூடாதுன்னு."

"ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சே. அட்டையைச் சேர்க்கச் சொன்னா தூக்குல போட்டுக் கொண்டுவந்திருக்கீங்க."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு முதல் சிரிப்பு. குற்ற உணர்ச்சி தாங்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

அட்டைகளை ஆல்பத்தில் அடுக்கும் வேலையை டோரீனே கேட்டு வாங்கிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்குள் அறுநூற்று நாற்பத்தேழு சேர்ந்துவிட்டது. 317 மட்டும் இல்லை. ரஸ் டிங்கிள், மாற்று ஆட்டக்காரர், படத்தில் கொட்டாவி விடுகிறவர்.

"யாருக்கும் வேண்டாத அட்டை. அதான் யாரும் வச்சிருக்கறதில்ல" என்று கஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணுதானே டோரீன், முடிஞ்ச மாதிரிதான்" என்றேன் வீட்டுக்கு வந்து.

"குறைஞ்சா குறைஞ்சதுதான். கிளம்புங்க."

"வெளிய பனி கொட்டுது."

"கஸ் கடைக்குள்ள கொட்டலையே."

போனேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணி நேரம். அந்த மணி நேரங்களுக்காக இன்னமும் அவள்மேல் எனக்குக் கோபம் உண்டு. கடையில் பழக்கமான லெஸ்டர் என் வாசல் பனியை அள்ளிப் போட வருவார். டோரீனிடமும் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அது ஒன்றுதான் கண்ட லாபம்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் போய்விட்டாள். என் கை அவள் கைக்குள் இருந்தது. சனிக்கிழமை போகாமல் இருந்தாளே, அதுவே பெரிது.

அடக்கத்துக்கு அவளுடைய நீல உடுப்பை எடுத்தேன். பையில் ஏதோ தட்டுப்பட்டது. ரஸ் டிங்கிள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சனிக்கிழமை 317-ஐ அதன் இடத்தில் செருகினேன். முடிந்தது. ஒப்பந்தப்படி இனி என்னை யாரும் எழுப்ப முடியாது. அதே சமையலறை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். எதிரே பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. டெலிபோன் அடித்தது. கஸ்.

"இன்னும் வரலையே ஹெர்ப்?"

"செட் முடிஞ்சிருச்சு. இனிமே எங்கயும் வர்றதா இல்ல."

"ஆல்பத்துல கடைசிப் பக்கம் பாத்தீங்களா?"

புரட்டினேன். அட்டை செருகும் ஒன்பது பைகளும் காலி. அதற்கு முந்தின பக்கமும் காலி.

"அதெல்லாம் என்கிட்ட இருக்கு. டோரீன்தான் லெஸ்டர்கிட்ட கொடுத்தனுப்பினாங்க. வாரத்துக்கு ஒண்ணுதான் கொடுக்கணுமாம், அதுவும் நீங்க நேர்ல வந்தாத்தான்."

"மொத்தம் எத்தனை இருக்கு, கஸ்?"

"அதைச் சொல்லக்கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க."

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உயிரோடு இருந்தபோதே அவளை ஜெயிக்க முடியாதவன், இனிமேலா ஜெயிக்கப் போகிறேன்?