தோலுக்கு ஊட்டம்

"ஊட்டமாம் ஊட்டம்! இதைச் செஞ்சவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். அவன் மூஞ்சியில அரை டப்பா அப்பி, வெயில்ல நிக்க வைக்கிறேன்!"

குளியலறையிலிருந்து வந்த சத்தத்தில் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் மட்டும் தலை நிமிரவில்லை. மகள் வீட்டுக்கு வந்து பதினைந்து நாளாகிறது. மாப்பிள்ளையின் காலைக் கச்சேரி அவருக்குப் பழகிப்போயிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வந்தவரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கன்னம் இரண்டும் அறை வாங்கியதுபோலச் சிவந்திருந்தன. கழுத்தில் பொரிப்பொரியாகக் கிளம்பியிருந்தது. மோவாயில் மூன்று இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என்னங்க, இன்னிக்கும் வெட்டிக்கிட்டீங்களா?"

"நான் வெட்டிக்கலை. சோப்பு வெட்டுச்சு."

"சோப்பு எப்படிங்க வெட்டும்?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்! ஊட்டம் தரும்னு எழுதியிருக்கான். உரிச்சு எடுக்கும்னு எழுதியிருந்தா நான் ஏன் தொடப்போறேன்?"

வேறு யாராக இருந்தாலும் துண்டால் ஒற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம். இவருடைய பிழைப்பே முகத்தில்தான் இருந்தது. நாலு மாடிக் கடை ஒன்றில், இரண்டாம் மாடி ஆண்கள் பிரிவில், ஷேவிங் சாமான் விற்கிறவர் அவர். பதினோரு வருஷமாக அதே இடம், அதே கண்ணாடி, தலைக்கு மேலே அதே விளக்கு. கிண்ணத்தில் பிரஷ்ஷைச் சுழற்றி, வந்தவரின் புறங்கையில் ஒரு கட்டி நுரையை வைத்து, "தொட்டுப் பாருங்க சார், தோல் விருந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும்" என்பார். தொட்டவர் வாங்காமல் போனதில்லை.

கடையில் அவருக்கு 'நுரை' என்று பெயர். பிரஷ் சுழற்றும் திறமைக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் அவர் பொங்குகிற பொங்கலைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வந்தது என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கடையில் ஒரு விதி உண்டு. எதை விற்கிறாயோ அதைத்தான் நீ வீட்டில் பயன்படுத்த வேண்டும். தலையணை விற்கிறவர் எதில் தலை வைத்துப் படுக்கிறார் என்று யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. செருப்பு விற்கிறவரின் காலையும் மேசை மறைத்துவிடும். ஷேவிங் சோப்பு விற்கிறவர் எங்கே போய் ஒளிவது?

அந்தத் திங்கட்கிழமை கடைக்குப் போனதுமே சூப்பர்வைசர் அம்மா அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமை தலைமை ஆபீஸ்லேருந்து பெரியவர் வர்றாரு. உங்க மூஞ்சியைப் பாத்தா சோப்பு வாங்க வந்தவன் மருந்துக்கடையைத் தேடிப் போவான்."

"மேடம், ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"ஆகலைன்னா உங்களைக் கீழ குடோனுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. அட்டைப்பெட்டிங்க உங்க மூஞ்சியைப் பாத்து பயப்படாது."

குடோன் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஜன்னல் கிடையாது, கண்ணாடி கிடையாது, பேச்சுக்கு ஆள் கிடையாது. ஒரு நாளைக்கு முப்பது பேரிடமாவது பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பதினோரு வருஷம் ஜம்மென்று நின்றவனை எலிப்பொறிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்களாம்! கோபம் தலைக்கேறியது. கோபப்படுவதற்கு ஆள் யாரும் அகப்படாததால் சோப்பின் மேல் பாய்ந்தது.

அன்றே வெள்ளை டப்பா சோப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆட்டுப்பால் சேர்த்த பச்சை டப்பாவை எடுத்துப் போனார். தோலுக்குத் தாய்ப்பால் மாதிரி என்று அவரே நூறு பேரிடம் சொல்லி விற்ற சரக்கு. செவ்வாய்க்கிழமை காலை அதைக் குழைத்துப் போட்டு மழித்தார். பஞ்சு மூன்றிலிருந்து ஐந்தானது.

அந்த முகத்தோடு போய் மேசைக்குப் பின்னால் நின்றார். முதலில் வந்தவர் கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர்.

"இதுல ஆட்டுப்பால் இருக்கு சார், கற்றாழை இருக்கு. போட்டுப் பாத்தீங்கன்னா..."

வந்தவர் டப்பாவைப் பார்க்கவில்லை. நுரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க எதைப் போடறீங்க?"

"இதேதான் சார்!" என்றார் நுரை பெருமையாக.

"அப்படின்னா இதைத் தவிர எது இருந்தாலும் குடுங்க."

அன்று மாலைக்குள் அதே பதிலை நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். ஐந்தாவது ஆள் போகிற போக்கில் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். எந்த சோப்பு குற்றவாளி என்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். இடது கன்னத்தில் பச்சை டப்பா, வலது கன்னத்தில் நீல டப்பா. தீர்ப்பில் பாரபட்சம் இருக்கக்கூடாது என்று ஒவ்வொரு பக்கமும் இரண்டு முறை அழுத்தி மழித்தார். இடது கன்னம் எரிந்தது. வலது கன்னம் அதைவிட எரிந்தது. உண்மை தெரிய வேண்டும் என்று மூன்றாம் முறையும் மழித்ததில் இரண்டும் சமமாகிவிட்டன.

"ஒரு வாரம் மழிக்காமத்தான் விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"ஷேவிங் சோப்பு விக்கிறவன் தாடியோட நிக்கணுமா? குடை விக்கிறவன் நனைஞ்சுக்கிட்டு நிக்கிற மாதிரி?"

"அதுக்கு ஏன் என்கிட்ட கத்தறீங்க?"

"பின்ன யார்கிட்ட கத்துவேன்? சோப்புக்குத்தான் காது இல்லையே!"

கடையில் மேக்கப் பிரிவுப் பெண் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பவுடர் கலந்த ஏதோ ஒரு பசையை அள்ளி முகம் முழுக்கப் பூசிவிட்டாள். அரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. தலைக்கு மேலிருந்த விளக்கின் சூட்டில் வியர்த்ததும் பசை பாளம் பாளமாக வெடித்து, ஒரு துண்டு வாடிக்கையாளரின் நுரைக் கிண்ணத்தில் விழுந்தது. சூப்பர்வைசர் அம்மா தூரத்திலிருந்து அதைப் பார்த்தாள். குடோன் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கடையில் பொங்கிவிட்டார். மூன்று டப்பாவையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் அடியில் இருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது. வெள்ளை, பச்சை, நீலம் மூன்றும் ஒரே கம்பெனி! அங்கேயே நின்றபடி கம்பெனிக்கு போன் போட்டார்.

"வணக்கம் சார். உங்க சருமம் எந்த வகைன்னு சொல்ல முடியுமா?" என்றது ஒரு பெண் குரல்.

"மனுஷ வகை!"

"வறண்ட சருமமா, எண்ணெய்ச் சருமமா சார்?"

"உங்க சோப்பைத் தொடறதுக்கு முன்னாடி நல்ல சருமம்!"

"பிளேடு எப்ப மாத்தினீங்க சார்?"

"ஏம்மா, பதினோரு வருஷமா இதே தொழில்ல இருக்கேன். என்கிட்டயே பாடம் எடுக்கறியா? ஞாயித்துக்கிழமை தவறினாலும் என் பிளேடு மாறுறது தவறாது. உங்க சோப்புல என்னத்தைக் கலக்கறீங்க, அதைச் சொல்லு முதல்ல!"

"உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம் சார். எங்க அதிகாரி வெள்ளிக்கிழமை நேர்ல வந்து பாப்பாரு."

போனை வைத்த வேகத்தில் அலமாரிக்குப் போனார். அந்தக் கம்பெனி டப்பா ஒன்று விடாமல் இறக்கி அட்டைப்பெட்டியில் போட்டார். காலியான தட்டில் ஓர் அட்டையை நிறுத்தி, சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இந்த சோப்பு விற்பனைக்கு இல்லை. காரணம் என் முகத்தில் உள்ளது.'

சூப்பர்வைசர் அம்மா ஓடி வந்தாள். "பைத்தியமா பிடிச்சிருக்கு? நாளைக்குப் பெரியவர் வர்றப்போ காலி அலமாரியைக் காட்டப் போறீங்களா?"

"காட்டத்தான் போறேன். என்னைக் குடோனுக்கு அனுப்புங்க, பரவாயில்லை. போறப்போ இந்தத் திருட்டுப் பயல் டப்பாங்களையும் கையோட கூட்டிக்கிட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை. பெரியவர் வந்தார். குள்ளமான, அதிகம் பேசாத மனிதர். அவருக்குப் பின்னால் டை கட்டிய ஒருவர் சிரித்த முகமாக வந்தார். கம்பெனி அதிகாரி. பெரியவர் காலி அலமாரியைப் பார்த்தார். அட்டையைப் படித்தார். பிறகு நுரையின் முகத்தைப் பார்த்தார். அன்று பஞ்சு ஏழு.

"என்ன இது?"

இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்த மன்னிப்பு அவருக்கு ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. கோபம் மட்டும் பத்திரமாக இருந்தது.

"என் மூஞ்சி போனதுக்காக நான் கத்தலை சார். போகட்டும், என் மூஞ்சிதானே! பதினோரு வருஷமா 'தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க'ன்னு சொல்லி வித்திருக்கேன். என்னை நம்பித்தானே வாங்கிட்டுப் போனாங்க? அத்தனை பேரும் வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு என்னைத் திட்டிக்கிட்டிருப்பாங்களே சார்! இனிமே நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்களைப் பாக்கறது?"

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

"சார், எங்க லேப்ல நூறு தடவை சோதிச்சு..." என்று ஆரம்பித்தார் டை கட்டியவர்.

"உங்க லேப்ல யாரோட மூஞ்சி இருக்கு? இங்க வந்து என் மூஞ்சியைச் சோதிங்க! கிட்ட வாங்க! ஏன் பின்னாடி போறீங்க?"

கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார். இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். பெரியவர் கையை உயர்த்தியதும் அமைதியானது.

"உங்க சரக்கு மொத்தத்தையும் எங்க எல்லாக் கிளையிலேருந்தும் இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுங்க" என்றார் டை கட்டியவரிடம். பிறகு நுரையின் பக்கம் திரும்பினார். "விக்கிற பொருளுக்காக இப்படிக் கோபப்படற ஒருத்தரை நான் இதுவரைக்கும் பாத்ததில்லை. இனிமே எந்த சோப்பு எங்க கடைக்குள்ள வரணும்னாலும் உங்க மூஞ்சி சம்மதிக்கணும்."

சூப்பர்வைசர் அம்மா குடோன் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். டை கட்டியவர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். நுரைக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஐந்து நாளில் அவர் கோபமில்லாமல் இருந்த முதல் நிமிஷம் அதுதான்.

அந்த நேரத்தில், அவர் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுக் கேரியரோடு மாமனார் படியேறி விறுவிறுவென்று வந்தார். மாப்பிள்ளையைச் சுற்றி அத்தனை பேர் நின்று கைதட்டுவதைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"வாங்க மாமா, வாங்க!" நுரை அவர் தோளில் கைபோட்டுப் பெரியவர் முன்னால் நிறுத்தினார். "எங்க மாமனார் சார். பதினஞ்சு நாளா எங்க வீட்டுலதான் இருக்காரு. இந்த சோப்பால நான் பட்ட பாட்டைத் தினமும் கண்ணால பாத்த சாட்சி. மாமா, நீங்களே உங்க வாயால சொல்லுங்க!"

மாமனார் கேரியரை மேசைமேல் வைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த பிளேடு பாக்கெட்டுகளைக் குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"சோப்பு கிடக்கட்டும் மாப்பிள்ளை, முதல்ல இதுல கெட்டியான பிளேடா பாத்து ஒரு பாக்கெட் எடுத்துக் குடுங்க, உங்க ரேசர்ல இருக்கறதை வச்சு என் கால் ஆணியைச் செதுக்கினா, நீங்க ஞாயித்துக்கிழமை மாட்டறது திங்கட்கிழமையே மழுங்கிப்போயிடுது."