அப்பாவின் சட்டையில் ஒட்டிய மாவு

அன்புள்ள பெரியத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணங்கி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க நினைத்தேன்; வயிறு சம்மதிக்கவில்லை. போனில் உங்கள் குரலைக் கேட்டாலே "ஒண்ணுமில்லத்தை, சும்மாதான்" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். அப்பா பேக்கரி வேலையை விடப் போகிறார். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.

ரொட்டி தின்றால் எனக்கு வயிறு உப்புகிறது, அத்தை. அப்பா கொண்டுவரும் ஓரம் கருகிய ரொட்டியைத் தின்றுதான் பட்டமே வாங்கினேன், அதை யாரிடம் போய்ச் சொல்வது? இணையத்தில் தேடினேன். கோதுமையில் குளூட்டன் என்றொரு புரதமாம். சிலருக்கு அது வெறுமனே ஒத்துக்கொள்ளாது, சிலருக்குச் சீலியாக் என்ற நோய், உடம்பே தன் குடலைத் தாக்கும், துளி மாவுகூட ஆகாது. எனக்கு எது என்று தெரியாமலே பெரியதை எடுத்துக்கொண்டு ரொட்டியை நிறுத்தினேன். வீட்டின் முதல் பட்டதாரி சொன்னால் மறுபேச்சு ஏது? மாவு பட்டதோடு கலந்துவிடாமல் இருக்க அம்மா என் கரண்டிகளில் சிவப்பு நூல் கட்டினாள். நூல் என் வாய்க்குள் வந்தது. அப்பா மாடிப்படியிலேயே சட்டையைக் கழற்றி உதற, கீழ்வீட்டுக்காரர் தலை வெளுத்து, "உங்க வீட்டு நோயை ஏன்யா என் தலையில கொட்டுற?" என்று அவர் கத்த, "நோய் இல்லய்யா, மைதா!" என்று இவர் கத்த, அன்றிலிருந்து குளித்த பிறகும் அப்பா என் பக்கத்தில் உட்காருவதில்லை, கதவருகே நின்றே பேசுகிறார். ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் போனால், "கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாதானேம்மா ரத்தத்துல தெரியும்? யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார். சோதனைக்காகத் திரும்பவும் தின்னச் சொன்னார். ஆறு வாரம் தினமும் ரொட்டி தின்றேன், உப்பினேன், நேற்று ரத்தம் கொடுக்கப் போனேன். ஊசியைக் கண்டு நான் பின்வாங்க, "இங்க பாரு, எறும்புக் கடிதான்" என்று அப்பா முதலில் கையை நீட்டினார். வீட்டில் வேறு யாருக்காவது வயிற்றுக் கோளாறு உண்டா என்று டாக்டர் கேட்டார். "எனக்கு உண்டு, சோகையும் உண்டு, ஆனா அதெல்லாம் அடுப்புச் சூடு" என்றார் அப்பா. அவர் ரத்தத்தையும் சேர்த்து அனுப்பினார்கள்.

முடிவு வரும்வரைகூட அப்பா பொறுக்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தை என்னையே எழுத வைத்தார். "மாவோட வந்து உன் பக்கத்துல நிக்கவே பயமா இருக்கு பாப்பா." இருபத்தாறு வருடம் மாவு பிசைந்த கை, அத்தை. அவருக்கு வேறென்ன தெரியும்? ஓடி வந்து ஒரு அதட்டல் போடுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் காலில் விழுந்ததாக வைத்துக்கொண்டு ஆசியை நேரில் கொண்டுவரவும்.

அன்புடன்,
தம்பி மகள்

பி.கு.: உறையை ஒட்டும் முன் முடிவு வந்துவிட்டது. எனக்குச் சீலியாக் இல்லை, ஒத்துக்கொள்ளாமையாக இருக்கலாமாம். அப்பாவின் ரத்தத்தில்தான் அது இருக்கிறது. இத்தனை வருடச் சோகை, அடுப்புச் சூடு எல்லாம் அதன் வேலையாகத்தான் இருக்கும் என்கிறார் டாக்டர். குடலையும் பார்த்துத்தான் உறுதி செய்வார்களாம். அதுவரை கோதுமையை நிறுத்தக் கூடாதாம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "உனக்கு இல்லேல்ல? அப்புறம் நான் எதுக்கு வேலையை விடணும்?" என்று ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டு, இதோ, இரண்டரை மாதத்துக்குப் பிறகு என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து ரொட்டி தின்கிறார். சட்டையெல்லாம் மாவு. மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், அத்தை. வேலையை விடச் சொல்லி அதட்ட உடனே வாருங்கள்.